கடைசிக்கு வைத்த போத்தல்

உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புநிறப் போத்தல் அது; உள்ளே மார்பின் என்ற வலி மருந்து. மலாயில் அச்சடித்த வெள்ளைத் தாள் ஒன்று வயிற்றில் ஒட்டியிருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் அதைச் சாமி மேடைக்கு அருகில் பார்க்கலாம். திருநீற்றுச் சட்டிக்குப் பின்னால், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில். மூடி திறந்த அடையாளமே இருக்காது. ஆஸ்பத்திரியில் வாங்கி வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். வீட்டுக்கு வரும் மிஸி (தாதி) கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "இன்னும் அந்த அளவுக்கு நோவு வரல மிஸி. கடைசிக்கு வச்சிருக்கோம்."

உள்ளறையில் அந்த மனிதர் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். படுத்தால் இடுப்பு குடைகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கழித்திருப்பார். "அந்த அளவு" என்றால் எந்த அளவு என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தீபாவளிப் புடவையைப் பீரோவில் மடித்து வைப்பதுபோல வலி மருந்தையும் ஒரு நாளுக்காக மடித்து வைத்திருக்கிறோம். இந்தக் "கடைசிக்கு" என்ற சொல்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். குறிப்பிட்ட எவர் வீடும் இல்லை. இந்த வட்டாரத்தில் எந்த வரிசைக்குள் நுழைந்தாலும் தட்டுப்படக்கூடிய வீடு. தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல். பாதி ஆயுசு பால்மரம் வெட்டினார், மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். புரோஸ்டேட்டில் தொடங்கிய புற்று இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் வந்துவிட்டது. பாட்டிக்கு முட்டி மடங்காது. மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சோறு, மருந்து, உடம்பு துடைப்பது எல்லாம் மருமகள் கையில். படிவம் ஐந்து படிக்கும் பேரன்தான் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளன்.

அந்தப் போத்தலைத் திறக்க அவர்களுக்கு இருக்கும் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மார்பின் அபினிலிருந்து வருகிறது. அந்தச் சொல் வீட்டுக்குள் வரும்போதே 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தையும் போதைப்பொருள் கடத்தலுக்கான 39பி பிரிவையும் கூடவே இழுத்து வருகிறது. நாளிதழ் படிக்கும் எவருக்கும் 39பி என்றால் தூக்குமேடை. மரண தண்டனை கட்டாயம் என்ற நிலை 2023இல் மாறினாலும், மனத்தில் பதிந்த எண் மாறவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, நோயாளி பெயர் ஒட்டிய போத்தல் முழுக்கச் சட்டப்படியானது என்பதை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

அதைவிடப் பெரிய காரணம் கண்ணால் பார்த்தது. "பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அந்த மருந்து குடுத்தாங்க, மறுநாளே போயிட்டாங்க." பார்த்தது பொய்யில்லை. கணக்குத்தான் தப்பு. அந்தப் பெரியம்மாவுக்கும் போத்தலைக் கடைசிக்கு வைத்திருந்துதான் கொடுத்தார்கள். கடைசி இரண்டு நாளில் கொடுக்கும் எதுவும் இந்தப் பழியைச் சுமக்கும். பனங்கற்கண்டு கரைத்துக் கொடுத்திருந்தாலும் சுமக்கும். வலிக்கு ஏற்றபடி மெல்ல அளவை ஏற்றிக் கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. அதைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நடமாடுகிறவர்கள், கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்பின் இருக்கிறது. 1986இல் புற்றுநோய் வலிக்கு அதே நிறுவனம் வகுத்த முறையின் சாரம் மூன்றே விஷயம்: முடிந்தவரை வாய்வழி, மணிப்படி, வலிக்கேற்ற படியில். "கடைசியில்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

எல்லாம் ஒரே சாக்கிட்

மலாயில் நோய்க்கும் வலிக்கும் ஒரே சொல்தான்: சாக்கிட். டாக்டர் கட்டிலருகே வந்து "சாக்கிட் லாகி, பாச்சிக்?" (இன்னும் வலிக்குதா, ஐயா?) என்பார். தாத்தா "தாக் அப்பா, டோக்டர்" (பரவாயில்லை, டாக்டர்) என்பார். பெரிய மனிதரிடம் குறை சொல்லக்கூடாது என்று தோட்டத்தில் பழகிய வாய் அது. பேரனுக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அட்டையில் "வலி கட்டுக்குள்" என்று ஏறிவிடும்.

இத்தனைக்கும் தமிழில் வலிக்கு இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம். குடைகிறது, கடுக்கிறது, ராத்திரியில் கூடுகிறது என்றால் எலும்பு. சுரீர் என்று கால் வழியே இறங்குகிறது, எரிகிறது, துணி பட்டாலே கூசுகிறது என்றால் நரம்பு. அதற்கு மார்பின் மட்டும் போதாது, அமிட்ரிப்டிலின், கபாபென்டின் வகை மருந்து கூடச் சேர வேண்டும். சுருட்டிப் பிடித்து விட்டுவிட்டு வருகிறது என்றால் குடல். விண்விண் என்று தெறிக்கிறது, தொட்டால் சுடுகிறது என்றால் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பு வலிக்குக் கதிரியக்கம் நல்ல வழி; பலருக்கு ஒரே முறை கொடுத்தாலே போதும். சிலருக்கு முதல் சில நாள் வலி கூடிவிட்டுப் பிறகு குறையும், முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகலாம். இதெல்லாம் முடிவாவது "குடையுது" என்ற சொல் டாக்டர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால்தான்.

அதனால் பேரனிடம் கேட்க வேண்டியது மொழிபெயர்ப்பை மட்டுமல்ல. தாத்தா சொல்லும் சொல்லை அப்படியே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எங்கே, எப்படிப்பட்டது, எப்போது கூடுகிறது, அதனால் எது முடியாமல் போகிறது என்ற நான்கு வரி. பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் சொல்லுங்கள் என்றால் நம் பெரியவர்கள் பெரும்பாலும் மரியாதைக்கு ஐந்து என்பார்கள். "ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனீங்க? ஜாம்பானுக்கு (கழிப்பறைக்கு) நீங்களே போய் வந்தீங்களா?" என்று கேட்டால் உண்மை வரும்.

இன்னொரு சொல்லும் இடறும். "பாலியாத்திஃப்" என்று டாக்டர் சொன்னதைப் பேரன் வீட்டில் வந்து "இனிமே ஒண்ணும் செய்ய முடியாதாம்" என்று சொல்லியிருப்பான். பதினேழு வயதுப் பையனை அதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்ய வேண்டியவை அங்கேதான் தொடங்குகின்றன. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், வாய்ப்புண், படுக்கைப்புண் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் தணிக்கும் வேலை அது. அதற்குப் புற்றுநோய்தான் வேண்டும் என்றில்லை. இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் கெட்டவர்கள், சிறுநீரகம் போனவர்கள் எல்லாரும் இதில் அடங்குவார்கள். நம் நாட்டில் இதற்கெனத் தேசியக் கொள்கையே 2019 முதல் 2030 வரைக்கும் வகுத்திருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கொடுத்து நுழைகிறவருக்கும் இது பொருந்தும்.

மணி பார்த்து

வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பது தாத்தாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டு விலகும் முன்பே கத்தியைத் தீட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனவர். வலி மருந்தும் அந்த மாதிரித்தான். வலி உச்சிக்கு ஏறிய பிறகு கொடுத்தால் அதிக மருந்து வேண்டும், குறைவாகவே கேட்கும்.

வாய்வழி மார்பின் திரவம் வேலை செய்யத் தொடங்கச் சுமார் அரை மணி நேரம் ஆகும். ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். அதனால்தான் தாளில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது. "வலிச்சா மட்டும் குடுங்க" என்று யாரோ வாசலில் சொல்வதைக் கேட்டு நடந்தால், வலி வரும்வரை காத்து, அது ஏறும்வரை பொறுத்து, மருந்து கொடுத்து, இன்னொரு அரை மணி நேரம் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதை உடைத்ததில் லண்டனின் சிசிலி சாண்டர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. தாதியாக இருந்து, சமூகப் பணியாளராகி, அப்புறம் மருத்துவம் படித்தவர். 1967இல் நோய் முற்றியவர்களுக்காக அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில் மருந்து மணிப்படி போனது. அடுத்த வேளை மருந்துக்காக நோயாளி வலியில் துடித்துக் காட்ட வேண்டியதில்லை என்றார்.

இனிக் கணக்கு. உங்கள் வீட்டு அளவு உங்கள் போத்தலில் எழுதியிருப்பதுதான். இது புரிந்துகொள்ள ஓர் உதாரணம். இங்கே பரவலாகக் கிடைக்கும் திரவத்தில் 5 மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மார்பின். தாத்தாவுக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் என்று எழுதினால் இழுக்க வேண்டியது 2.5 மில்லிலிட்டர். இந்த இடத்தில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. "10 எம்ஜி" என்பதை "10 எம்எல்" என்று படித்து ஊற்றினால் கொடுத்தது 20 மில்லிகிராம், இரண்டு மடங்கு. கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன், ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள். எந்தக் கோடுவரை இழுக்க வேண்டுமோ அங்கே மார்க்கர் பேனாவால் மருந்தகத்துக்காரரையே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம். ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். புதுப் போத்தல் வரும்போதெல்லாம் தாளை மறுபடி படியுங்கள். வேறு இடத்தில் வாங்கியதில் அடர்த்தி வேறாக இருக்கலாம்.

நேரம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. பின்னிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணி வேளையை மட்டும் இரட்டிப்பாகக் கொடுக்கச் சொல்வது வழக்கம். அதையும் டாக்டர் சொன்னால்தான். மருந்து கசக்கும், பின்னாலேயே ஒரு வாய் மைலோ கொடுத்தால் போதும். இடையில் வலி பீறிட்டால் அதற்குத் தனியாக ஒரு கூடுதல் வேளை எழுதியிருப்பார்கள். ஒரு நாளைய மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. அதைக் கொடுத்தாலும் மணிப்படியான வேளையைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுங்கள். நேரம், எத்தனை மில்லி, ஏன். அந்த நோட்டுதான் அடுத்த அளவைத் தீர்மானிக்கிறது. தாத்தாவுக்கு நாளைக்கு 30 மில்லிகிராம் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று நான்கு கூடுதல் வேளை கொடுத்திருக்கிறீர்கள், அது 20. மொத்தம் 50. ஆறால் வகுத்தால் வேளைக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம், அதாவது 4 மில்லிலிட்டர். டாக்டர் போனிலேயே இந்த மாற்றத்தைச் சொல்லிவிடுவார், நோட்டில் எழுத்து இருந்தால். "அடிக்கடி வலிக்குது டோக்டர்" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும்.

பிறகு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மார்பின் மாத்திரைக்கு மாற்றினால் ஒன்றை மறக்கக்கூடாது: அதை நசுக்கக் கூடாது. விழுங்க முடியவில்லையே என்று அம்மியில் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கசிய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

மூன்றாம் நாள்

மூடி திறந்தும் பாதியில் நிற்கும் போத்தல்கள் உண்டு. பெரும்பாலும் அவை மூன்றாம் நாளில் நின்றவை. முதல் நாள் தாத்தா படுத்துத் தூங்குவார். வீடே நிம்மதியாகும். இரண்டாம் நாள் குமட்டல், கஞ்சி வேண்டாம் என்பார். மூன்றாம் நாளும் தூக்கம் விடாது. வயிறு போய் நான்கு நாள் ஆகியிருக்கும்.

"மயக்கத்துலயே கெடக்குறாரு. மருந்த நிறுத்து ஆயி," என்பார் பாட்டி.

"நிறுத்தினா நோவுமே அத்தை."

"நோவட்டும். கண்ணத் தொறந்து என்னைப் பார்த்தாப் போதும்."

மருமகளுக்கு இதற்குப் பதில் கிடையாது. பாட்டி சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மருந்தை எழுதிக் கொடுத்தவர்கள் இந்த மூன்று நாளைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால், அந்த உரையாடலுக்கு அவர்களும் பொறுப்பு.

தூக்கத்தில் பாதி மருந்தினால் வருவது. இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். மீதி, வாரக்கணக்கில் வலியில் விழித்திருந்த உடம்பு வட்டியும் முதலுமாகத் தூங்கித் தீர்ப்பது. இரண்டையும் ஆபத்தான மயக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஸ்கேன் வேண்டாம். தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறந்து "ம், என்ன?" என்றால் அது தூக்கம். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பன்னிரண்டு, பதினாறு என்றால் கவலை இல்லை. எட்டு அல்லது அதற்கும் கீழே இருந்து, உலுக்கியும் எழவில்லை என்றால், அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே 999க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது மார்பின் குடிக்கும் எல்லாருக்கும் நடப்பது. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தூக்க மாத்திரை, சம்சு, கள் இவற்றோடு மார்பின் சேர்வதுதான் மூச்சை அமுக்கும். "ஒரு மொடக்கு கள்ளு ஒடம்புக்கு நல்லது" என்று கிளாசோடு வரும் பழைய கூட்டாளியை வாசலிலேயே நிறுத்துங்கள்.

குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைட் மாதிரி ஒரு மாத்திரையை முதல் வாரத்துக்குக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்; பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். உடம்பு மார்பினின் தூக்கத்துக்குப் பழகும், குமட்டலுக்குப் பழகும். குடல் மட்டும் பழகவே பழகாது. அதனால் மார்பின் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மலத்தை இளக்க லாக்டுலோஸ் சிரப்பும், குடலைத் தள்ள சென்னா அல்லது பிசகோடில் மாத்திரையும். பப்பாளி, வாழைப்பழம் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் தோற்றுப்போவீர்கள். தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு நார்ச்சத்துப் பொடி கரைத்துக் கொடுத்தால் உள்ளே களிமண்ணாய் இறுகும். மூன்று நாளாக வெளியே போகவில்லை என்றால் மிஸியிடம் சொல்லிவிட வேண்டும்.

இதில் ஒரு பொல்லாத ஏமாற்று இருக்கிறது. ஏழெட்டு நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கழியும். "வயித்தால போகுது" என்று மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் ஆசனவாயில் கல்லாய் அடைத்து நிற்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து கசிவதுதான் அது. மருந்தை நிறுத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். விரல் விட்டுப் பரிசோதித்து, தேவைப்பட்டால் எனிமா வைத்து எடுக்க வேண்டும். தாத்தாவின் எரிச்சல், வயிற்று உப்பல், சிறுநீர் தடைப்படுவது, குழப்பமான பேச்சு எல்லாவற்றுக்கும் சில நேரம் இந்த அடைப்பே காரணமாக இருக்கும்.

பாட்டி சொன்னபடி மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன நடக்கும்? சில நாள் மட்டும் குடித்திருந்தால் வலி திரும்பும், அவ்வளவுதான். வாரக்கணக்கில் குடித்தவருக்கு வியர்வை, மூக்கொழுகல், வயிற்று முறுக்கு, நடுக்கம் வரும். இதைப் பார்த்துத்தான் "பாத்தியா, போதைக்கு அடிமையாயிட்டாரு" என்பார்கள். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனம் போதையைத் தேடி அலைவது வேறு. ஸ்டீராய்டையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும்கூடச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவற்றை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. கதிரியக்கத்தால் வலி குறைந்துவிட்டால் மார்பினையும் படிப்படியாகக் குறைத்து விட்டுவிடலாம்.

மூன்றாம் நாளைத் தாண்டிவிட்டால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தாத்தா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சொரசொரத்த குரலில் செய்தி வைக்கச் சொல்வார். பாட்டி கேட்ட கண் அப்போதுதான் திறக்கிறது.

துள்ளும் கை, சூடான எண்ணெய், மரத்த கால்

சர்க்கரை நோய் இல்லாத வீட்டை இங்கே தேட வேண்டும். சர்க்கரை முற்றினால் சிறுநீரகம் தேயும். மார்பின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் உடம்பில் தேங்கும். அப்போது தூக்கத்தில் கைகால் வெட்டி வெட்டித் துள்ளும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாதவர்களோடு பேசுவார். காத்துக் கருப்பு என்று எலுமிச்சை சுற்றுவதற்கு முன் கிளினிக்குக்குப் போன் அடியுங்கள். அளவைக் குறைப்பார்கள், இடைவெளியைக் கூட்டுவார்கள், அல்லது தோலில் ஒட்டும் ஃபென்டனில் ஒட்டுக்கு மாற்றுவார்கள்.

அந்த ஒட்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுவது. முதல் ஒட்டு முழு வேலைக்கு வர அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும், அதுவரை பழைய மருந்தை எப்படிக் குறைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மயிர் இல்லாத, காய்ந்த தோலில், நெஞ்சின் மேல்பகுதியிலோ மேற்கையிலோ ஒட்ட வேண்டும். வெட்டக் கூடாது. சூடு படக்கூடாது; சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். காய்ச்சல் வந்தாலும் அதே ஆபத்துத்தான். கோடாலித் தைலத்தைத் தேய்த்து அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் நம் வழக்கத்தை ஒட்டு இருக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய பழைய ஒட்டிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்துப் பேரப்பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு ஒரு விலக்கு உண்டு. முதுகெலும்பில் புற்று உள்ளவருக்கு முதுகுவலி திடீரென்று கூடி, நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் இறுக்கி, கால் தள்ளாடி, தொடை மரத்து, சிறுநீர் வராமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலையில் பார்க்கலாம் என்று விடக்கூடாது. தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். சில மணி நேரத் தாமதத்தில் நடந்துகொண்டிருந்தவர் இனி நடக்காமலே போய்விடலாம்.

படுக்கையோடு ஆகிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின் ஒரு தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் இடுப்பெலும்பு மெத்தையில் அழுந்தாது. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். அடியில் ஒரு பழைய கைலியை மடித்து விரித்து, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது.

ஆறு மணி மருந்து

சாப்பாடு நிற்கும் நாள் வரும். "பசியோட அனுப்பக்கூடாது" என்று பாட்டி ரசத்தில் சோற்றைக் கரைத்து வாயில் வைப்பார். அப்போது உடம்பு பசியை விட்டுவிட்டது. விழுங்கும் தசையும் ஓய்ந்துவிட்டது. ஊட்டியது நுரையீரலுக்குப் போகும். டிரிப் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் ஏற்றிய தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் போய் நிற்கும். வாய் காயும், அதுதான் உண்மையான தொந்தரவு. பஞ்சையோ மெல்லிய துணியையோ நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரப்படுத்துங்கள். இளநீரில் நனைத்தாலும் சரி. பாட்டி கைக்கு அந்தப் பஞ்சைக் கொடுங்கள்.

கடைசி நேரத்தில் தொண்டையில் சளி கரகரத்துச் சேடம் இழுக்கும்போது கேட்பவர்களுக்குத்தான் அது தாங்க முடியாத சத்தம். அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாதி குறையும், மீதிக்கு ஊசி உண்டு. மூச்சு வாங்கினால் சன்னலைத் திறந்து சிறிய காற்றாடியை முகத்துக்கு நேரே வையுங்கள். விழுங்க முடியாதபோது மார்பினைத் தோலுக்கடியில் மெல்லச் செலுத்தும் சிறு கருவி இருக்கிறது. அது வந்து சேரும்வரை, தலையை உயர்த்தி வைத்து, கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வார்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால் அடக்க அனுமதிக்குக் காவல் நிலையம் போக வேண்டியிருக்கும். நோய் என்ன, யார் பார்க்கிறார்கள் என்று கிளினிக்கிலிருந்து ஒரு கடிதத்தை முன்கூட்டியே வாங்கி அடையாள அட்டையோடு வைத்திருந்தால் அந்த நேரத்தில் அலைச்சல் குறையும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மருமகள் ஒரு கேள்வி கேட்பாள். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கேட்கும் கேள்விதான், கேட்காதவர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். "ஆறு மணி மருந்த நாந்தான் குடுத்தேன் மிஸி. ஏழே காலுக்குப் போயிட்டாரு. அதனாலதானா?"

மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றாமல், அடுத்த வீட்டு முட்டிவலிக்கு இரவல் கொடுக்காமல், ஆஸ்பத்திரி மருந்தகக் கௌண்டரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் அதற்காகத்தான் போத்தலையும் நோட்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருப்பாள். நோட்டைத் திறந்து பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிக் காட்டலாம். பதினோரு நாளாக, ஒவ்வொரு மாலை 6 மணிக்கு எதிரேயும், அவள் கையெழுத்தில், 4 மில்லி. அந்தக் கடைசி 6 மணிக்கும் 4 மில்லிதான்.